ஐ7 இருக்கட்டும், முதலில் திரையைப் பாருங்கள்

கேள்வி:

வணக்கம் சார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அச்சகத்தில் ஆறு வருஷம் டிடிபி, டிசைன் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, ஃபிளெக்ஸ், பில் புக், கடை நோட்டீஸ் எல்லாம் செய்வேன். கோரல் டிராவும் போட்டோஷாப்பும் நன்றாகத் தெரியும். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். பாண்டியில் இரண்டு துணிக்கடைக்காரர்களும் ஒரு கஃபேக்காரரும் மாதாமாதம் போஸ்டர், இன்ஸ்டாகிராம் படம், அவ்வப்போது ரீல்ஸ் எடிட்டிங் தருவதாகச் சொல்கிறார்கள். பழைய அச்சகமும் பத்திரிகை வேலை அனுப்பும். கடைக்காரர்களிடம் நேரில் போய்க் காட்ட வேண்டியிருக்கும், அதனால் லேப்டாப்தான் வேண்டும். கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. நகையை அடகு வைத்த பணம், ஒருமுறைதான் வாங்க முடியும். தம்பி கேமிங் லேப்டாப் எடு என்கிறான். தோழி, தெரிந்தவரிடம் பழைய மேக்புக் ஏர் எம்1 இருக்கிறது, அதை வாங்கிக்கொள் என்கிறாள். கடையில் கேட்டால் இன்டெல் ஐ7 பிராசஸர் இல்லாமல் டிசைன் வேலை ஓடாது என்கிறார்கள். எதை எடுப்பது? பாண்டியில் வாங்கினால் விலை குறையுமா?

– பெயர் வேண்டாம், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்:

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு யாரும் சொன்ன மாதிரி தெரியவில்லை. நான் புதுச்சேரியில் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன். ‘ஸ்லோவாக இருக்கிறது சார்’ என்று வருகிறவர்களுக்கு ஏதாவது செய்து கொடுத்துவிடலாம். ஃபைல்களைச் சேமிக்கிற எஸ்எஸ்டியை மாற்றலாம், ரேம் கூட்டலாம், ஃபேனைத் துடைத்துச் சிப்பின் சூட்டைக் கடத்துகிற பேஸ்ட்டைப் புதுசாக வைக்கலாம். ‘கலர் சரியாகத் தெரியவில்லை’ என்று வருகிறவர்களிடம்தான் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. திரையை மாற்றவே முடியாது என்றில்லை. ஆனால் நல்ல பேனல் கிடைத்து, அது அந்த மாடலுக்குப் பொருந்தி, ஆகிற செலவையும் பார்த்தால் முதலிலேயே நல்லதாக வாங்கியிருக்கலாமே என்றுதான் தோன்றும்.

ஒருமுறைதான் வாங்க முடியும் என்கிறீர்கள். அப்படியானால் பின்னால் மாற்ற முடியாததில் பணத்தைப் போடுங்கள். திரை, பிராசஸர், சூட்டை வெளியேற்றும் ஃபேன் அமைப்பு, போர்டோடு சேர்த்து ஒட்டிவிட்ட ரேம், இதெல்லாம் வாங்கிய நாளில் என்னவோ கடைசிவரை அதுதான். ஸ்டோரேஜ், தனி ஸ்லாட்டில் உள்ள ரேம், வெளி மானிட்டர் இதையெல்லாம் வேலை வந்து பணம் புரளும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வேலைக்குத் திரை ஏன் முதலில் வருகிறது என்று சொல்கிறேன். அச்சகத்தில் ஆறு வருஷம் இருந்தவர் நீங்கள். குங்குமச் சிவப்பு வேண்டுமென்றால் திரையைப் பார்த்தா போட்டீர்கள்? மெஜந்தா 100, யெல்லோ 100 என்று எண்ணைத் தட்டியிருப்பீர்கள். அங்கே மானிட்டர் மங்கலாக இருந்தாலும், மஞ்சள் பச்சையாகத் தெரிந்தாலும் வேலை கெட்டிருக்காது, பிளேட்டுக்கும் மைக்கும் போவது எண்தான். இன்ஸ்டாகிராம் படத்தில் அந்தப் பிடிமானம் கிடையாது. துணிக்கடைக்காரர் அனுப்புகிற பட்டுப்புடவை போட்டோவை அரக்கா, மெரூனா என்று நீங்கள் கண்ணால் பார்த்துத்தான் சரிசெய்தாக வேண்டும். மட்டமான திரையில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரியும், சிவப்பு வெளுத்துத் தெரியும். வெளுப்பாக இருக்கிறதே என்று நீங்கள் சாச்சுரேஷனைக் கூட்டுவீர்கள். கடைக்காரர் அதைத் தன் போனில் திறப்பார். இன்றைக்குப் பல போன்களில் திரை நன்றாகவே இருக்கிறது. அவர் கண்ணுக்குப் புடவை தீப்பிடித்த மாதிரி இருக்கும். ‘என்னம்மா இது, கஸ்டமர் வேற கலர்னு திருப்பி அனுப்புவாங்களே’ என்று போன் வரும்.

லேப்டாப் விவரத்தில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று இருந்தால் அதுதான் நான் சொல்கிற மட்டமான திரை. என்டிஎஸ்சி என்பது 1953இல் அமெரிக்கக் கலர் டிவிக்காக வகுத்த கணக்கு, இன்னும் அதை வைத்து அளக்கிறார்கள். இணையத்திலும் போனிலும் பொதுவாகப் புழங்குகிற நிற எல்லைக்கு எஸ்ஆர்ஜிபி என்று பெயர். 45 சதவீதம் என்டிஎஸ்சி திரை அந்த எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடச் சரியாக எட்டாது. ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ அல்லது ‘72 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘ஃபுல் எச்டி, ஐபிஎஸ், ஆன்டிகிளேர்’ என்று மட்டும் எழுதி நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் 45 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல திரை வைத்திருப்பவர்கள் அதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். வெளிச்சம் 300 நிட்ஸாவது இருக்கட்டும்.

ஒரே பெயரில் வருகிற மாடலிலேயே இரண்டு விதத் திரை போட்டு விற்கிறார்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற நீளமான மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த எண்ணுக்கு எந்தத் திரை என்று பாருங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனப்பட்டு விடாதீர்கள்.

கடைக்குப் போகும்போது பென் டிரைவில் நீங்களே செய்த இரண்டு மூன்று டிசைன் எடுத்துப்போங்கள். கடையில் ஓடுகிற டெமோ வீடியோ எந்தத் திரையிலும் நன்றாகத்தான் இருக்கும், அதற்காகவே எடுத்தது அது. அரக்குப் பட்டு போட்டோ ஒன்று, முகம் தெரிகிற படம் ஒன்று, சந்தன நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்த பத்திரிகை ஒன்று போதும். நைட் லைட்டை அணைத்து, பிரைட்னஸை முழுசாக வைத்து, அதே படத்தை உங்கள் போனில் திறந்து பக்கத்தில் பிடியுங்கள். சந்தனப் பின்னணியிலிருந்து வெள்ளை எழுத்து தெளிவாகப் பிரிந்து தெரிகிறதா, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் முகம் கறுக்கிறதா, அவ்வளவுதான் சோதனை.

ஓலெட் திரை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானாக ஒளிர்கிற வகை, கண்ணைப் பறிக்கும். உங்கள் பட்ஜெட்டில் சில மாடல்கள் அவ்வப்போது கிடைக்கின்றன. எடுத்தால் திரை அமைப்பில் எஸ்ஆர்ஜிபி மோடு இருக்கிறதா என்று பார்த்து அதில் வைத்து வேலை செய்யுங்கள். இல்லாவிட்டால் எல்லா நிறமும் தூக்கலாகத் தெரிந்து மறுபடியும் அதே தொல்லை, இந்த முறை எதிர்ப்பக்கமாக. கோரல் டிராவின் டூல்பார் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால் வருஷக்கணக்கில் அதன் சுவடு படியவும் வாய்ப்புண்டு. உங்களுக்குப் பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத நல்ல ஐபிஎஸ் திரையே போதும் என்பேன்.

சரி, ஐ7க்கு வருவோம். ஐ5, ஐ7 என்பதைவிட எண்ணின் கடைசியில் நிற்கிற ஆங்கில எழுத்துதான் முக்கியம். யு என்று முடிந்தால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிற சிப், எச் என்று முடிந்தால் நீண்ட நேரம் உழைக்கிற சிப். ரீல்ஸ் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் யு வகை ஐ7ஐவிட எச் வகை ஐ5 பல சமயம் முந்திவிடும். இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியின் ரைசன் சிப்பில் ஏமாற்று இன்னும் நைஸாக நடக்கிறது. 7000 வரிசையில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள், உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று அது சொல்லும். ரைசன் 5 7520யு என்று புதுசாகத் தெரிகிற சிப்பின் உள்ளே 2019ஆம் வருஷத்து ஜென் 2 என்ற பழைய வடிவமைப்புதான் இருக்கிறது. அதே 7000 வரிசையில் வருகிற 7640எச்எஸ் ஜென் 4. இரண்டையும் ‘ரைசன் 5’ என்றே கடையில் சொல்வார்கள்.

ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. பத்துக்கு எட்டு அடி ஃபிளெக்ஸை 100 டிபிஐயில் போட்டோஷாப்பில் திறந்தால் சிஎம்ஒய்கேயில் (அச்சுக்கான நான்கு மை நிறக் கணக்கில்) ஒரு முழு லேயரே 400 எம்பிக்கு மேல் போகும். அதோடு கோரல், குரோம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் திறந்திருக்கும். 8 ஜிபியில் தலைசுற்றிவிடும். வாங்கும்போதே 16 ஜிபி இருக்கிற மாடலாக, முடிந்தால் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதாகப் பாருங்கள். ‘8 ஜிபி வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம்’ என்று முன்பெல்லாம் நானே சொல்வதுண்டு. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியிருப்பதால் இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஸ்டோரேஜ் 512 ஜிபி இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

தம்பி சொல்கிற கேமிங் லேப்டாப்பை நான் ஒதுக்கவில்லை. எச் வகை பிராசஸரும் நல்ல ஃபேனும் ரேம் ஸ்லாட்டும் இந்த விலையில் அதில்தான் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் மூன்று விஷயம் யோசியுங்கள். உள்ளே இருக்கிற தனி கிராபிக்ஸ் கார்டு பத்திரிகைக்கும் போஸ்டருக்கும் பெரிதாக உதவாது, வீடியோ வேலை கூடினால்தான் அதற்குக் கொடுத்த காசு கைக்கு வரும். பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம்தான், சார்ஜர் செருகாவிட்டால் வேகமும் குறையும். அப்புறம் பளு. லேப்டாப் இரண்டரை கிலோவுக்குப் பக்கம், அதன் சார்ஜர் தனி. குழந்தையையும் பையையும் வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பாண்டி வருவதை நினைத்துப் பாருங்கள். இதற்கெல்லாம் சம்மதம் என்றால், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி திரை உள்ள வகை ஆஃபரில் உங்கள் விலைக்கு வந்தால் எடுங்கள். விலை குறைந்த கேமிங் லேப்டாப்பில் முதலில் கைவைப்பது பெரும்பாலும் திரையில்தான், அதை மட்டும் மறக்காதீர்கள்.

மேக்புக் ஏர் எம்1. 2020 நவம்பரில் வந்த மெஷின், இன்றைக்கும் அதன் திரையையும் பேட்டரியையும் குறை சொல்ல முடியாது. கஃபேக்கும் துணிக்கடைக்கும் மட்டும் படம் செய்கிறவர் கேட்டிருந்தால், 16 ஜிபி வகையாக இருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு வேண்டாம். பழைய அச்சகத்திலிருந்து பத்திரிகை வேலை வரும் என்கிறீர்களே, அந்த ஃபைல்கள் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட், அதற்கான கீபோர்டு மென்பொருள், சில இடங்களில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்ததே 2001இல். கோரல் டிரா மேக்குக்கும் இருக்கிறது, ஆனால் சுற்றியுள்ள மற்றதெல்லாம் விண்டோஸை நம்பி நிற்கிறது. கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் கட்டம் கட்டமாக வந்து நிற்பதைச் சரிசெய்யும் பொறுமை யாருக்கும் இருக்காது. போதாததற்கு அதில் ரேமும் ஸ்டோரேஜும் போர்டோடு ஒட்டியது. பழைய எம்1களில் பெரும்பாலும் 8 ஜிபிதான், கூட்டவே முடியாது.

இதே காரணத்துக்காக விண்டோஸிலும் ஸ்நாப்டிராகன் சிப் (போன்களில் வருகிற வகை) போட்ட லேப்டாப்பைத் தவிருங்கள். பேட்டரி அபாரம், ஆனால் பழைய தமிழ் மென்பொருள், அதைத் திறக்கச் செருகுகிற டாங்கிள், பழைய பிரிண்டர் டிரைவர் எது ஓடும் எது ஓடாது என்று ஒவ்வொன்றாகப் போராட வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று, கம்பெனிகளிலிருந்து கழித்துவிட்ட ரீஃபர்பிஷ்டு லேப்டாப். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அதற்குக் கீழே உள்ளதை வாங்கிவிடாதீர்கள்.

இனி கடலூர் சமாச்சாரம். மஞ்சக்குப்பம் சில்வர் பீச்சுக்குக் கூப்பிடு தூரம். கடலோரத்திலிருந்து வருகிற லேப்டாப்பைத் திறந்தால் உள்ளூர்க்காரர் மெஷின் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். சார்ஜிங் பின்னைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு, எச்டிஎம்ஐ ஓட்டைக்குள் வெள்ளைப் பொடி, ஃபேன் இறக்கைகளில் பிசுபிசுவென்று ஒட்டிய தூசு, கீல் திருகுகளில் துரு. உப்புக் காற்றுக்கு எந்தக் கம்பெனியும் விலக்கில்லை. கடல் பக்க ஜன்னலுக்கு எதிரே மேஜை போடாதீர்கள். வேலை இல்லாத நாளில் பைக்குள் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், ஆனால் வாரக்கணக்கில் தொடாமல் விடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கிற மெஷினின் சூடே ஈரத்தை விரட்டும். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யக் கொடுங்கள். சுலபமாகத் திறக்கக்கூடிய அடிமூடி இருக்கிற மாடலை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய வீடாக இருந்தால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். மெட்டல் பாடி லேப்டாப்பில் சார்ஜ் போடும்போது மணிக்கட்டில் சுருசுருவென்று இருக்கிறது என்று பலர் தூக்கிக்கொண்டு வருவார்கள். லேப்டாப்பில் கோளாறே இருக்காது. மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் மாற்றியில் செருகியிருப்பார்கள், அல்லது வீட்டில் எர்த்தே இருக்காது.

வெள்ளத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் அடித்தபோது கடலூரில் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். 2024இல் ஃபெஞ்சல் புயல் வந்து, சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை பெருகியதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் புகுந்த லேப்டாப்பில் எஸ்எஸ்டி தனி ஸ்லாட்டில் இருந்தால் கழற்றிக் காயவைத்து வேறு மெஷினில் போட்டு ஃபைல்களை எடுக்கப் பெரும்பாலும் வழியுண்டு. போர்டோடு ஒட்டியிருந்தால் போர்டு உயிர் பெற்றால்தான் ஃபைல். நனைந்தால் ஆன் செய்து பார்க்காதீர்கள், சார்ஜர் செருகாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒருமுறை ஆன் செய்ததில்தான் பாதி போர்டு எரிகிறது.

அதனால் 70,000 முழுவதையும் லேப்டாப்புக்கே கொடுக்காதீர்கள். அறுபது ஆயிரத்துக்குள் மெஷினை முடித்துக்கொண்டு, ஒரு டிபி வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள். கஸ்டமர் ஃபைல் ஒவ்வொன்றும் லேப்டாப்பில் ஒன்று, டிஸ்க்கில் ஒன்று, முக்கியமானது கூகுள் டிரைவில் ஒன்று என்று இருக்கட்டும். மிச்சத்தைத் தொடாமல் வைத்து, நாலைந்து மாதம் கழித்துக் கொஞ்சம் சேர்த்து 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று எடுத்தால் வீட்டில் கழுத்து வலிக்காமல் வேலை செய்யலாம்.

மென்பொருள் செலவை யாரும் பேசுவதில்லை. கிராக் போட்ட கோரலோடு கஸ்டமர் ஃபைல் எல்லாம் லாக் ஆகி, பணம் கேட்டு மெசேஜோடு வந்த மெஷின்கள் எங்களிடம் வருவதுண்டு. மாதச் சந்தா கட்ட முடியாவிட்டால் வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, டிசைனுக்கு 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகிவிட்ட அஃபினிட்டி, இங்க்ஸ்கேப் எல்லாம் இருக்கின்றன. எதைப் பழகுவதற்கு முன்னும் யூனிகோடில் ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள். உடையாமல் வந்தால் தொடருங்கள்.

பாண்டி விலை பற்றிக் கேட்டீர்கள். வாட் வரி இருந்த காலத்தில் இங்கே வாங்கினால் மிச்சம் என்ற பேச்சு இருந்தது. 2017 ஜூலை 1க்குப் பிறகு நாடு முழுக்க ஒரே ஜிஎஸ்டி, லேப்டாப்புக்கு இரண்டு ஊரிலும் 18 சதவீதம்தான். கடைக்குக் கடை பேரம் வேண்டுமானால் வித்தியாசப்படும். விலையைவிட வாரன்டியைக் கேளுங்கள். ‘ஆன்சைட்’ என்று பெட்டியில் இருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவார்களா, நீங்கள்தான் தூக்கிக்கொண்டு பாண்டி வர வேண்டுமா என்று அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கீழே விழுந்தாலும் தண்ணீர் பட்டாலும் ஈடு தருகிற கூடுதல் திட்டம் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், தவழுகிற குழந்தை இருக்கிற வீடு. பில் உங்கள் பெயரில், மெஷினின் சீரியல் நம்பரோடு இருக்கட்டும். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, திரையில் முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் வைத்துப் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்கப்புறம் பணத்தைக் கொடுங்கள்.